ஒரு பால் டின் தவிடு

"இத மொழிபெயர்த்தவன் பேரு கல்லுல இருக்காண்ணே?"

ஈப்போ நூலகத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேசையில் உட்கார்ந்து பிச்சைமுத்து இப்படிக் கேட்டார். அவர் கையில் கைப்பேசி. திரையில் எகிப்தில் கிடைத்த ரொசெட்டா கல். ஓர் அரசாணையை இரண்டு மொழிகளில், மூன்று வகை எழுத்துகளில் செதுக்கிய கல் அது. அதை வைத்துத்தான் பிற்கால அறிஞர்கள் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

"இருக்காது," என்றேன். "அரசாணைன்னா ராஜா பேரு இருக்கும். எழுதுனவன் பேர யாரு போடுவா?"

"அப்ப அவன் தப்பா எழுதியிருந்தா?"

"முத்து, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. இனிமே அவன எங்க போயி பிடிக்கப் போற?"

"பிடிக்கிறதுக்கு இல்லண்ணே. சும்மா தெரிஞ்சிக்கத்தான்லா."

சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அந்த இடைவெளி வழியாகச் சிரிப்பு கொஞ்சம் காற்றாக வெளியே வரும். பிறகு கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, வலது ஆள்காட்டி விரல் ஒன்றினால் மட்டும், கோழி தானியம் கொத்துவதைப் போல எழுத ஆரம்பித்தார்.

கேள்வி கல்லைப் பற்றியது என்றுதான் அன்று நினைத்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலான பழக்கம்.

போகட்டும். சென்ற வாரம் இந்த இதழில் நான் எழுதிய பகுதியில் கோப்பெங் போகும் பழைய பேருந்தின் நிறத்தைத் தவறாக எழுதிவிட்டேன் என்று பாரிட் புந்தாரிலிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். மஞ்சள் இல்லையாம், பச்சையாம். ஏற்றுக்கொள்கிறேன். இந்த வாரம் நான் ஒப்புக்கொள்ளப்போகும் தவறு பேருந்தின் நிறத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்கும் அவர் கடிதம் எழுதலாம்.

சான்று தேவை

பிச்சைமுத்து கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அரசாங்க ஏட்டில் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது பாலத்தடித் தோட்டம். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, பால் வெட்டப் போனார். பின்னர் தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, அந்த இடத்தில் வீடுகள் கட்டினார்கள். அவர் ஈப்போவுக்கு வந்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜாகா ஆனார், அதாவது காவலாளி. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் சாந்தி மருந்தகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

காவல் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவர் கலைக்களஞ்சியம் எழுதினார்.

இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் இருக்கிறது. சம்பளமில்லாத வேலை. மேலதிகாரியும் இல்லை. ஆனால் என் அலுவலகத்தில் இருந்ததைவிட அதிக விதிகள் உண்டு. தாள் பிறந்த கதை, ஊசல் கடிகாரம், பெரியம்மை ஒழிந்த விதம், திமிங்கலத்தின் காது, கடலில் மாலுமிகள் இடம் கணித்த முறை என்று கண்டதையும் எழுதினார். எதிலிருந்து எதற்குத் தாவுவார் என்று அவருக்கே தெரியாது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் இலவசமாக நாளிதழ் படித்துக்கொண்டிருந்த மேசைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, நீங்க ஐசி ஆபீஸ்ல இருந்தவங்கதானே?"

அடையாள அட்டை அலுவலகத்தைச் சொன்னார். "இருந்தேன். இப்ப பென்ஷன்."

"நெனச்சேன்," என்றார். அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்து, ஒற்று எங்கே மிகும் என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

அப்படித் தொடங்கியது. அவர் எழுதுவார், நான் திருத்துவேன். பதினொரு மணிக்குக் கீழே இறங்கி, முனைக்கடையில் ஆளுக்கொரு பாலில்லாத கோப்பி ஓ. அவருக்குச் சீனி கூடாது. ஆனால் போடச் சொல்வார்.

"ரப்பர் பந்து மொதமொத விளையாண்டது யாருன்னு தெரியுமாண்ணே? மெக்சிகோ பக்கத்து ஆளுங்க. மூவாயிரம் வருஷம் முந்தி. பால்ல ஏதோ ஒரு கொடியோட சாற கலந்தாங்களாம், நல்லா இறுகிருச்சாம். நம்ம ஆளுங்க ஆசிட்ட ஊத்தி கை வெந்ததுதான் மிச்சம். அந்தக் கொடிய நமக்கு ஒருத்தனும் காட்டல பாருங்க."

அவர் கைவிரல்களில் அந்த ஆசிட் வெடிப்புகள் கடைசிவரை இருந்தன. மழைக்காலத்தில் கைப்பேசித் திரை அந்த விரலை ஏற்காது. சட்டையில் துடைத்துத் துடைத்து எழுதுவார்.

ஒரு முறை பால் வெட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். கத்தியின் சாய்வு, பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே போனால் மரம் புண்ணாகும் என்று எல்லாம். மறுநாள் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் யாரோ 'சான்று தேவை' என்று குறி போட்டிருந்தார்கள்.

"இருவது வருஷம் மரம் வெட்டுனவன்ட்ட மரம் எப்படி வெட்டுறதுன்னு ருசு கேக்குறானுங்கண்ணே."

"சரியாத்தான் கேக்குறாங்க. நீ வெட்டுனேன்னு நீயே சொன்னா ஆச்சா? அச்சுல வந்திருக்கணும்."

"அச்சுல வந்தா உண்மையாயிருமா?"

"உண்மையாகாது. சான்றாகும்."

"ஐசி ஆபீஸ்ல நல்லாத்தான் ட்ரெய்னிங் குடுத்திருக்காங்க," என்றார்.

அவர் சட்டைப் பையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே குடிமக்களுக்கு நீல அட்டை. நிரந்தரமாகத் தங்க அனுமதி மட்டும் உள்ளவர்களுக்குச் சிவப்பு. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாத பிச்சைமுத்துவுக்குத் தங்க அனுமதி இருந்தது. ஓட்டு இல்லை.

ஒரு நாள் இடது ஆள்காட்டி விரலை மேசையின் மேல் நீட்டினார். தேர்தலில் ஓட்டுப் போட்டால் மை வைக்கும் விரல்.

"இந்த வெரலு சும்மாவே கெடக்குண்ணே. டைப்பும் அடிக்கிறதில்ல. சாவுறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் இதுக்கு ஒரு வேல குடுக்கணும். பாரம் பூத்தி பண்ணித் தர்றீங்களா?"

பாரம் என்றது குடியுரிமை விண்ணப்பப் படிவத்தை. பாரம் பூர்த்தி செய்வது எனக்கு மூச்சு விடுவதைப் போல. அடுத்த வாரமே பேனாவோடு உட்கார்ந்தேன். பிறந்த இடம் கேட்டேன். பாலத்தடித் தோட்டம் என்றார். தாயார் பெயர் கேட்டேன். முனியம்மா என்றார்.

பேனா நின்றுவிட்டது.

அன்று முகப்பில்

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் இளைய எழுத்தர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் முகப்புக்கு வந்தால், அவர்கள் சொல்வதை அதிகாரிக்கு மலாயில் சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

காகிதம் இல்லாதவர்களுக்குத் தோட்டத்தில் வேலை நிலைக்காது என்ற பேச்சு அப்போது பரவியிருந்தது. பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு லாரியில் வந்து இறங்குவார்கள். அறை முழுக்கப் புளித்த ரப்பர் பால் வாடையும் தேங்காய் எண்ணெய் வாடையும். அந்த வாடை என் சட்டையில் ஒட்டக்கூடாது என்று நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வேன். நானே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். அதனால்தான் தள்ளிப் போட்டேன்.

இருபது வயது இளைஞன் ஒருவனுக்காக இரண்டு சாட்சிகள் வந்தார்கள். தாயும் தகப்பனும் இறந்திருந்தார்கள். அந்த இளைஞனின் முகம் எனக்கு நினைவில்லை. இரவல் வெள்ளைச் சட்டை நினைவிருக்கிறது. கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது.

முதல் சாட்சி தோட்டத்துக் கங்காணி ராமையா. "முனியம்மா பெத்த புள்ளங்க. மூணாம் லயத்துல பொறந்தான்," என்றார். சரி.

இரண்டாம் சாட்சி பக்கத்து வீட்டுப் பெண் அஞ்சலை. ஐம்பது வயதிருக்கும். கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்யச் சொன்னார்களோ என்னவோ, கையை நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை.

"இவன் யாரு புள்ள?" என்று கேட்டேன்.

"எம் புள்ளதான் தம்பி."

"முனியம்மா புள்ளன்னு சொல்றாங்களே."

"எம் புள்ள. தவிட்டுக்கு வாங்குனேன். ஒரு பால் டின் தவிடு, தலதட்டி அளந்து குடுத்தேன்."

கங்காணி அவள் முழங்கையை இடித்தார். "இங்க அப்படிச் சொல்லக்கூடாது அஞ்சல. உள்ளத சொல்லு."

"உள்ளதத்தான் சொல்றேன். இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. நான் வாயத் தொறந்து இல்லன்னு சொன்னா, புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களா வருவீங்க?"

இதைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் பிறக்கும் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோனால், அடுத்து பிறப்பதைப் பக்கத்து வீட்டுக்காரி தவிடு கொடுத்து வாங்குவாள். உடனே பெற்றவளிடமே வளர்க்கக் கொடுத்துவிடுவாள். குழந்தை வேறு வீட்டுக்குச் சொந்தம் என்று எமன் ஏமாந்து திரும்பிப் போவான் என்று நம்பிக்கை. அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை, வாங்கியவள் அதைத் தன் பிள்ளை இல்லை என்று சொல்லக்கூடாது. முனியம்மாவுக்கு முதல் இரண்டும் தக்கவில்லை. மூன்றாவதைத் தக்கவைக்க அஞ்சலை பால் டின்னில் தவிடு அளந்தாள். இருபது ஆண்டுகள் கழித்து, அரசாங்கத்தின் முன் நின்றும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினாள்.

எனக்கு இது தெரியாதா? என் சொந்த அண்ணன் பெயர் குப்பன். குப்பையில் போட்டுப் புரட்டி எடுத்த பிள்ளை. அவனை எடுத்த அத்தைக்கு எங்கள் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் புடவை உண்டு.

அதிகாரி நிமிர்ந்து, இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று மலாயில் கேட்டார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'இது எங்கள் வழக்கம், ஐயா, பிள்ளையைக் காப்பாற்றச் செய்யும் சடங்கு, பெற்றவள் முனியம்மாதான்.' அவர் நல்ல மனிதர், கேட்டிருப்பார். ஆனால் எங்கள் ஜனங்கள் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்குகிறவர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படிச் சொன்னால் இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து லயத்து வீடு வெளியே வந்துவிடும்.

விதியும் கைகொடுத்தது. மொழிபெயர்ப்பவர் சாட்சி சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். சொந்தமாக எதையும் சேர்க்கக்கூடாது. நான் சேர்க்கவில்லை.

'குழந்தையைத் தாம் வாங்கியதாகச் சாட்சி கூறுகிறார். பெற்றோர் யார் என்பதில் சாட்சிகள் முரண்படுகின்றனர்.'

எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்குமேல் அந்த விண்ணப்பம் நகரவில்லை. விதிப்படி நகரவும் முடியாது. பிறப்பு உறுதியாகாதவனுக்குச் சிவப்பு அட்டைதான்.

வெளியே வராந்தாவில் அஞ்சலை என்னை நிறுத்தினாள். "எல்லாம் சரியா எழுதிட்டீங்களா தம்பி?"

"நீங்க சொன்னத அப்படியே எழுதியிருக்கு."

"நல்லா இருங்க," என்றாள். முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு அவித்த மரவள்ளிக் கிழங்குத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தாள். அலுவலகத்துக்குள் வைத்துத் தின்ன முடியாது. பின்பக்கம் போய்த் தின்றேன். உப்பு சரியாக இருந்தது.

இரண்டு வழிகள்

நூலக மேசைக்குத் திரும்புகிறேன். பேனா நின்ற இடம்.

பிச்சைமுத்துவின் கோரிக்கைக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி, பழைய பிறப்புப் பதிவுக் கோப்பைத் திறக்கச் சொல்லி, முரண்பாடு எப்படி வந்தது என்று புதிய சத்தியப் பிரமாணம் கொடுப்பது. அதை விளக்கக்கூடிய சாட்சி உயிரோடு இருந்தால் அது நேரான வழி. இரண்டாவது, பிறப்பைப் பற்றிப் பேசாமல், நெடுங்காலம் இங்கே வசித்தவர் என்ற அடிப்படையில் விண்ணப்பிப்பது. மொழித் தேர்வு, நேர்காணல், பிறகு காத்திருப்பு. அந்தக் காத்திருப்புக்கு முடிவு என்று ஒரு நாள் கிடையாது.

கங்காணி இறந்துவிட்டார். அஞ்சலையும் இறந்துவிட்டாள். முரண்பாட்டை விளக்கக்கூடிய சாட்சி ஒருவன் உயிரோடு இருந்தான். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டாவது வழியில போவோம் முத்து," என்றேன். "பழைய பைல எல்லாம் தோண்ட வேணாம். அது இருக்கோ, கரையான் தின்னுருச்சோ."

மின்விசிறி தாளைத் தூக்கியது. அவர் கையால் அமுக்கிப் பிடித்தார்.

"தோண்டுனா சீக்கிரம் முடியும்னு ஒருத்தர் சொன்னாருண்ணே."

"சொன்னவரு ஐசி ஆபீஸ்ல வேல பாத்தாரா?"

"இல்லண்ணே."

"அப்புறம் என்ன?"

"நீங்க சொன்னா சரி. புரோசிஜர் தெரிஞ்சவங்க நீங்கதானே."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் ஒரு பிழை இல்லை. இணைப்புகள் வரிசையாக, நகல்கள் சான்றளித்து, படங்கள் சரியான அளவில். என் பணிக்காலத்தில்கூட அப்படி ஒரு கோப்பை நான் பார்த்ததில்லை. தவறான வழியில் அத்தனை ஒழுங்காக யாரையும் அனுப்ப முடியாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். போய்விட்டு நேராக நூலகத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இந்த முறை சொந்தச் சட்டை.

"எப்படி?"

"கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேண்ணே. நல்ல புள்ள, மலாய்க்காரப் பொண்ணு. வேல இல்லாதப்ப என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுச்சு. என்சிக்லோபீடியா எழுதுறேன்னேன்."

"அது என்ன சொல்லிச்சு?"

"ஜாகா வேலன்னுதானே போட்டிருக்குன்னு பாரத்த திருப்பித் திருப்பிப் பாத்துச்சு." காற்றுச் சிரிப்பு. "தாள் எந்த நாட்டுல கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். கேக்கவே இல்ல."

பிறகு ஒரு கடிதம் வந்தது. பரிசீலனையில் உள்ளது என்றது. அடுத்த ஆண்டு நாங்கள் கேட்டபோதும் பரிசீலனை. அதற்கு அடுத்த ஆண்டும். நடுவில் பொதுத்தேர்தல் ஒன்று வந்து போனது. மறுநாள் என் விரலில் இருந்த மையை அவர் வாங்கிப் பார்த்தார். விரலைத்தான் வாங்கினார், இரண்டு கையாலும் பிடித்து.

"எத்தன நாளு இருக்கும்ணே இது?"

"ஒரு வாரம், பத்து நாளு."

"சோப்பு போடாதீங்க," என்றார்.

அந்த ஒன்பது ஆண்டுகளில், சொல்லிவிடலாம் என்று நான் ஆரம்பித்த நாள்கள் உண்டு. 'முத்து, ஒரு விஷயம்' என்பேன். அவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருப்பார். 'ஒண்ணுமில்ல, இந்த வாக்கியத்துல எழுவாய் எங்க?' என்பேன். மறுபடி கைப்பேசியை எடுப்பார்.

ரொசெட்டா கல் கட்டுரைதான் நான் அவருக்குத் திருத்திய கடைசிக் கட்டுரை.

பதினாறாம் நாள்

மூளையில் இரத்தக் கசிவு. மருத்துவமனையில் மூன்று நாள். அவர் கண் திறக்கவில்லை.

இறப்புச் சான்றிதழ் சீக்கிரமே கிடைத்துவிட்டது. செத்துப்போனார் என்பதை நிரூபிக்க லாரியில் யாரும் சாட்சிகளைக் கூட்டிவர வேண்டியிருக்கவில்லை. அதே சிவப்பு அட்டை எண், அதே நிலை. வீட்டில் கிடத்தியிருந்தபோது கால்களையும் கைக்கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். சும்மாதான் கிடந்தது.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து, வாழையிலைகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சாந்தி என்னைத் தனியே கூப்பிட்டாள். அவள் கையில் அப்பாவின் கைப்பேசியும் ஒரு பிளாஸ்டிக் உறையும் இருந்தன.

"அங்கிள், அப்பா எழுதி முடிக்காதது ஒண்ணு இதுல இருக்கு. நீங்கதானே அவருக்கு எல்லாம் திருத்துவீங்க. பாக்குறீங்களா?"

தலைப்பு: தவிட்டுக்கு வாங்குதல்.

நின்றபடியே படித்தேன். பிள்ளைகள் தக்காத வீட்டில் செய்யும் நேர்ச்சை என்று தொடங்கி, யார் வாங்குவார், எப்படி அளப்பார், எப்போது திரும்பக் கொடுப்பார் என்று நிதானமாகப் போனது. திருமணம் ஆகும்வரை வாங்கியவள் மறுக்கக்கூடாது என்ற வாக்கியத்துக்குப் பின்னால், வேறு யாரும் போடுவதற்குள் அவரே குறி போட்டிருந்தார்: சான்று தேவை. அதன் கீழே, பேராக் தோட்டங்களில் இந்த வழக்கம் இருந்ததற்கு எழுத்துச் சான்று என்று ஒரு மேற்கோள். கோப்பு எண். சாட்சி: அஞ்சலை. மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் என் முழுப்பெயர்.

என் பெயருக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. கலைக்களஞ்சிய நடை அப்படித்தான் இருக்க வேண்டும். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பிளாஸ்டிக் உறைக்குள் அன்று விண்ணப்பதாரருக்குக் கொடுத்த நகல் இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, பின்னால் ஒட்டுத்தாள் போட்டு, ஐம்பது ஆண்டுகளாக வைத்திருந்திருக்கிறார். என் இளமைக்காலக் கையெழுத்து, வாலை நீட்டி, கர்வமாக.

"அப்பாவுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும் அங்கிள். லைப்ரரியில வர்றவங்க பேரு எழுதுற புக்குல உங்க கையெழுத்தப் பாத்திருக்காரு. வீட்டுக்கு வந்து இந்தப் பேப்பர எடுத்து வச்சிப் பாத்துட்டு, மறுநாளு உங்ககிட்ட வந்தாரு."

"ஏன் என்னைக் கேக்கல?"

"நானும் அதத்தான் கேட்டேன். சண்டகூட போட்டேன். நேரா போயி கேளுங்கப்பா, அவரு ஒரு லெட்டர் குடுத்தா முடிஞ்சிரும்லான்னு." அவள் கைப்பேசியின் திரையை முந்தானையால் துடைத்தாள். அதில் ஒன்றும் இல்லை. "'நாம கேட்டு அவரு குடுத்தா அது வேறடி. அண்ணனே சொல்லுவாரு, அவசரப்படாத'ன்னாரு. ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் வீட்டுக்கு வந்தவுடனே நான் கேப்பேன், சொன்னாரான்னு. அடுத்த வாரம் சொல்லுவாருன்னு சொல்லுவாரு."

அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சீனி போட்டிருந்தது. குடித்தேன்.

நீக்கப்பட்டது

கட்டுரையை நான்தான் முடித்து வெளியிட்டேன். ஒரு வாரம் ஆனது. என் வலது ஆள்காட்டி விரலும் அவ்வளவு வேகமில்லை.

இறுதியில் ஒரு பத்தி சேர்த்தேன். மேற்கண்ட வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்கு இந்த வழக்கம் முன்பே தெரியும் என்றும், தெரிந்தும் அதிகாரிக்கு அதை விளக்காமல் விட்டார் என்றும், அதனால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் குடியுரிமை இல்லாமல் இருந்தார் என்றும் எழுதினேன்.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பத்தி காணாமல் போயிருந்தது. யாரோ ஓர் இளைய தொகுப்பாளர், காரணமும் எழுதியிருந்தார்: 'சொந்த அனுபவம் ஏற்கப்படாது. அச்சில் வெளிவந்த சான்று இல்லை. நீக்கப்பட்டது.'

விதிப்படி அது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன்.

பழைய கோப்பைத் திறக்கச் சொல்லி ஒரு சத்தியப் பிரமாணமும் எழுதிக் கொடுத்தேன். முகப்பில் இருந்த இளைஞர் மரியாதையாக வாங்கிப் படித்தார். விண்ணப்பதாரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். இறந்தவருக்குக் குடியுரிமை வழங்குவதற்குப் பாரம் இல்லை, ஐயா, என்றார். எனக்குத் தெரியும். எந்தெந்தப் பாரம் உண்டு, எது இல்லை என்பது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். இந்த வார இதழ் அச்சில் வருகிறது. தேதி உண்டு, பக்க எண் உண்டு, நூலகத்தில் கட்டி வைக்கிறார்கள். ஆகவே, பேருந்தின் நிறத்தைத் திருத்திய பாரிட் புந்தார் வாசகர் உட்பட எல்லாரும் படிக்கும்படி, அன்று மலாயில் சொல்லியிருக்க வேண்டியதை இன்று தமிழில் சொல்கிறேன்.

அஞ்சலை சொன்னது உண்மை. கங்காணி ராமையா சொன்னதும் உண்மை. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. அது அப்போதே எனக்குத் தெரியும். பிச்சைமுத்து, முனியம்மாவின் மகன், பேராக், கோப்பெங், பாலத்தடித் தோட்டத்தில், மூன்றாம் லயத்தில் பிறந்தவர்.

சான்று: இந்தப் பக்கம்.